பெற்றவன் கொண்டுபோன தாய்மாமன் சீர்

செங்கத்திலிருந்து மலையேறும் பஸ்ஸின் கண்டக்டர்தான் சேதி கொண்டுவந்தார். "சடையா, வர்ற வெள்ளிக்கெழம உங்க அக்கா வூட்டுப் புள்ளைக்கு வருசம் நெறையுதாம். தாய்மாமன் சீரோட வந்து சேரச் சொன்னாங்க" என்று ஜன்னல் வழியாகக் கத்திவிட்டு விசில் ஊதினார்.

சடையன் வீட்டுக்கு வந்தான். வந்த உடனே சொல்ல வாய் வரவில்லை. மாட்டுக்குத் தண்ணி காட்டினான். வேலியில் சரிந்திருந்த முள்ளை எடுத்துக் கட்டினான். கடைசியில் சோற்றுக்கு உட்கார்ந்தபோதுதான் சொன்னான்.

கெங்கம்மாள் கரண்டியைக் குழம்புச் சட்டியிலேயே விட்டுவிட்டாள்.

"தாய்மாமனா? யாரு, நீயா?"

"மொறைக்கு அப்பிடித்தானே ஆவுது."

வடிவு என்கிற அந்தப் பிள்ளை இவர்கள் பெற்றது. மூன்றாவது பெண். மலைமேல் இந்த நாவல்மடுவில், இந்த வீட்டில்தான் பிறந்தாள். சடையனின் அக்கா அம்மாக்கண்ணு தாயில்லாத தம்பியை இடுப்பில் சுமந்து வளர்த்தவள். கல்யாணமாகிப் பல வருசமாகியும் அவளுக்குப் பிள்ளை தங்கவில்லை. அவள் புருசன் தசரதனும் மலையில் பிறந்தவன்தான். ஆஸ்டலில் தங்கிப் படித்து, காட்டிலாகாவில் கார்டு வேலைக்குப் போய், செங்கத்தில் ஓட்டு வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்துக் குடியிருந்தான். தீட்டுக் கழிந்த அன்றைக்கு அம்மாக்கண்ணு மலையேறி வந்து, கெங்கம்மாள் முன்னால் முந்தானையை விரித்து உட்கார்ந்துவிட்டாள். "எனக்குக் குடுத்துடு கெங்கா. உனக்கு ரெண்டு இருக்குது. எனக்கு ஒண்ணுகூட இல்ல." கெங்கம்மாள் வாய் திறப்பதற்குள் சடையன் சரி என்று சொல்லிவிட்டான். பிள்ளைக்குத் தங்கள் அம்மா பெயரையே வைத்துத் தூக்கிக்கொண்டு போனாள் அக்கா.

தசரதன் ஒரு கண்டிசன் போட்டான். வருசம் முடிகிறவரை பெற்றவள் வந்து பார்க்கக் கூடாது. அவள் மூஞ்சி மறந்தால்தான் பிள்ளை இங்கே ஒட்டும் என்றான். கெங்கம்மாள் வீட்டுக்குப் பின்னால் பலாமரத்தடியில் நின்று பாலைப் பீச்சி மண்ணில் விட்டாள். பால் வற்றியது. ஆனாலும் சந்தைக்குப் போய்வருகிற பெண்கள் யாராவது செங்கம் என்று சொன்னால் போதும், மார் கனத்தது. சடையன் புளி விற்கக் கீழே போன சமயங்களில் அக்கா வீட்டை எட்டிப் பார்த்துவிட்டு வருவான். "எப்பிடி இருக்குது?" என்று கேட்டால், "இன்னா கொற? கொழுகொழுன்னு இருக்குது" என்று சொல்லிவிட்டு மாட்டுக் கொட்டகைப் பக்கம் போய்விடுவான்.

இப்போது போகலாம். ஆனால் போவது மாமியாக.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் பெரிய பெண்கள் இருவரையும் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் புறப்பட்டார்கள். தட்டு வைக்கத் தேங்காய், பழம், ஒரு பாட்டில் மலைத்தேன். பிள்ளைக்கு என்ன வாங்குவது என்பது மட்டும் முடிவாகவில்லை. பஸ்ஸில் வளைவுக்கு வளைவு கெங்கம்மாள் அதையே யோசித்துக்கொண்டு வந்தாள். வெள்ளிக் காப்பு தசரதனே போட்டிருப்பான். சாமான் செட்டு எதுவாக இருந்தாலும் அம்மாக்கண்ணு அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவாள். பிள்ளை கையில் புழங்க வேண்டும். தினமும் தொட வேண்டும். இது யார் கொடுத்தது என்று கேட்கிற வயசு வரும்போது உடையாமல் இருக்க வேண்டும்.

"ஒரு பட்டுப் பாவாடை எடுத்துக்கலாம். அதான் மரியாதை" என்றான் சடையன்.

"துணி பொங்கலுக்குள்ள சின்னதாய்டும். வேற இன்னாத்தையாவது பாப்போம்."

செங்கம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜப்பார் பாய் கடை. வளையலிலிருந்து வாளிவரை எல்லாம் தொங்கும். மலைச் சனங்கள் புளியும் தேனும் விற்றுவிட்டு அங்கேதான் நுழைவார்கள். ஜப்பார் ஒரு கிலுகிலுப்பையை எடுத்து ஆட்டிக் காட்டினார். கண்ணைத் திறந்து மூடும் பிளாஸ்டிக் பொம்மையைப் படுக்க வைத்தார். பெயர் வெட்டித் தருவதாகச் சொல்லி எவர்சில்வர் டம்ளரை நீட்டினார். கெங்கம்மாள் எல்லாவற்றையும் வாங்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"கவுன் காட்டட்டுமாம்மா? புள்ள எவ்ளோ ஒயரம்?"

கெங்கம்மாள் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே கையை வைத்தாள். பிறகு தாழ்த்தினாள். அந்தரத்தில் நின்ற கையை அவளே பார்த்துவிட்டு இறக்கிக்கொண்டாள்.

"பல்லு மொளச்சிடுச்சா? கடிக்கற மாதிரி ரப்பர் சாமான் இருக்குது."

"மொளச்சிருக்கும் பாய்."

"உக்காருதா, நிக்குதா? இல்ல, நடக்கவே ஆரம்பிச்சிடுச்சா?"

அவள் பழப் பையைக் கை மாற்றிப் பிடித்தாள். ஜப்பார் சிரித்தார். "சொந்தக்காரங்க வூட்டுப் புள்ளையா? அதான் கேட்டேன். பெத்தவளா இருந்தா இந்நேரம் கடகடன்னு சொல்லியிருப்பாளே."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். கெங்கம்மாள் முந்தானையை இழுத்துத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு புருசனைப் பார்த்தாள். "நீதான் பாத்துட்டு வந்தியே. நிக்குதா?"

சடையன் தெருவில் போன மாட்டு வண்டியைப் பார்த்துக்கொண்டு, "நிக்கும், நிக்கும்" என்றான்.

அப்போதுதான் அவள் கண்ணில் அந்த நடைவண்டி பட்டது. கடையின் மூலையில், முறங்களுக்குப் பின்னால் நின்றிருந்தது. மூன்று சக்கரம், சிவப்பும் பச்சையுமாகச் சாயம், பிள்ளை பிடித்துக்கொள்ள உருட்டுக் கட்டை. தரையில் வைத்துத் தள்ளினால் டக்கு டக்கு என்று சத்தம் வந்தது. அவள் குனிந்து கடைக்குள்ளேயே ஒரு முழம் தள்ளிப் பார்த்தாள்.

"இதுதான்" என்றாள்.

"இது வேணாம்மே. எப்பிடித் தூக்கினு போறது? பாவாடையே எடுத்துக்கலாம்" என்றான் சடையன். அவன் குரல் மாறியிருந்தது. அவளுக்கு அது சலிப்பு போலத்தான் பட்டது.

"நான் தூக்கிக்கிறேன். நாந்தான் அதோட கையப் புடிச்சி நடத்தல. இதாவது நடத்தட்டும்."

சடையன் மடியிலிருந்து காசை எடுத்து எண்ணிக் கொடுத்தான். அவள் வண்டியை இடுப்பில் பிள்ளை மாதிரி இடுக்கிக்கொண்டு நடந்தாள்.

அக்கா வீட்டு வாசலில் பந்தல் இல்லை. வாழைமரம் இல்லை. ஒரு ஆள்கூட இல்லை. தப்பான நாளில் வந்துவிட்டோமோ என்றுதான் கெங்கம்மாளுக்கு முதலில் தோன்றியது. தசரதன் பனியனோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். "வாங்க" என்றான். எழுந்திருக்கவில்லை. உள்ளேயிருந்து வந்த அம்மாக்கண்ணுவின் கண் இரண்டும் வீங்கியிருந்தன. அவள் கெங்கம்மாளின் இடுப்பில் இருந்த வண்டியைப் பார்த்தாள். பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"புள்ள எங்க அண்ணி?"

பதிலுக்குக் காத்திராமல் கெங்கம்மாள் உள்ளறைக்குப் போனாள்.

பாயில், இரண்டு பக்கமும் தலையணை முட்டுக்கொடுத்து வடிவைச் சாய்த்து வைத்திருந்தார்கள். புதுக் கவுன், கன்னத்தில் மைப்பொட்டு, எண்ணெய் வைத்து வாரிய சுருட்டை முடி. தலை ஒரு பக்கமாகத் தோளில் விழுந்திருந்தது. வாயோரம் எச்சில் ஒழுகிக் கவுனின் கழுத்து நனைந்திருந்தது. இரண்டு கையும் இறுக மூடியிருந்தன. கால்கள் கத்திரிக்கோல் போல ஒன்றின்மேல் ஒன்று ஏறி, கட்டை மாதிரி விறைத்து நீண்டிருந்தன. கண் மட்டும் பெரிய கண். ஓட்டு இடுக்கு வழியாக வந்த வெளிச்சத்தைப் பார்த்து அது சிரித்துக்கொண்டிருந்தது.

"வடிவு" என்று கூப்பிட்டாள் கெங்கம்மாள். இன்னொரு தரம் கூப்பிட்டாள். தலை திரும்பப் பார்த்தது, முடியவில்லை. கண் மட்டும் திரும்பியது.

அவள் நடைவண்டியைக் கதவுக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாத இடத்தில் வைத்தாள்.

கூடத்தில் தசரதன் பேச ஆரம்பித்திருந்தான். யாரையும் பார்க்காமல், மனப்பாடம் செய்ததை ஒப்பிப்பது போலப் பேசினான். "வேலூர் பெரியாஸ்பத்திரி வரைக்கும் காட்டியாச்சு. பொறக்கும்போது மூளைக்குக் காத்து போவலயாம். நடக்காதுன்றாங்க. பேசுமான்னும் தெரியாதுன்றாங்க." பிறகு கெங்கம்மாளை நிமிர்ந்து பார்த்தான். "பொறந்த ஒடனே அழுதுச்சா?"

கெங்கம்மாளுக்கு அந்த மழை நாள் நினைவுக்கு வந்தது. கொடி கழுத்தில் சுற்றியிருந்தது. பிள்ளை நீலம் பாரித்துக் கிடந்தது. மருத்துவச்சி உள்ளங்காலில் அடித்தாள், முதுகைத் தேய்த்தாள், வாயில் வாய் வைத்து ஊதினாள். எல்லாரும் கைவிட்ட பிறகு பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் வந்தது. பிழைத்துக்கொண்டது என்று எல்லாரும் சிரித்தார்கள். அதோடு அந்தப் பேச்சு முடிந்துபோனது.

"அழுதுச்சு அண்ணா. கொஞ்ச நேரங் கழிச்சி அழுதுச்சு."

"அத ஏன் அன்னிக்குச் சொல்லல? கோளாறுன்னு தெரிஞ்சே எங்க தலையில கட்டிட்டீங்க."

"கட்டுனமா?" கெங்கம்மாளின் குரல் தெருவரை கேட்டது. "முந்தானய விரிச்சிக் கேட்டது யாரு? என் மாருல இருந்து புடுங்கினு வந்தது யாரு? வருசம் பூரா வாசப்படிய மிதிக்கக் கூடாதுன்னு சொன்னது யாரு?"

"மாமா, எங்களுக்குத் தெரியாதுங்க. சத்தியமா தெரியாது" என்று சடையன் கும்பிட்டான்.

தசரதன் எழுந்து சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். "எனக்கு மட்டும் ஆசையில்லியா? ஆபீசு பூரா மிட்டாய் குடுத்தேன். ஆஸ்பத்திரி வராண்டாவுல நாந்தான் மடியில வெச்சிக்கினு உக்காந்தேன். இப்ப தெருவுல தூக்கினு போனா நின்னு பாக்கறாங்க. என்னால முடியல. பாத்துப் பாத்து நாளைக்கு இதும் மேல கை வெச்சிடுவேனோன்னு பயமா இருக்குது. கூட்டினு போய்டுங்க. அதுக்குத்தான் சீருன்னு சொல்லி வரவெச்சேன்."

"நான் முடியாதுன்னு சொன்னனா?" என்றாள் அம்மாக்கண்ணு.

"நீ சும்மா இரு."

கெங்கம்மாள் மெதுவாகப் புருசன் பக்கம் திரும்பினாள். "நீ பாத்தியே."

சடையன் தரையைப் பார்த்தான். "மாசியிலயே கழுத்து நிக்கல. யார்கிட்டயும் சொல்லாதடான்னு அக்கா அழுதுச்சு. செரியாய்டும்னு நெனச்சேன்."

"அதான் பாவாடை போதும்னியா? கடையில நான் வண்டிய உருட்டிப் பாக்கும்போதுகூட நீ சொல்லல."

 இத்தனை வருசத்தில் அவனை அடிக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது அன்றைக்குத்தான்.

அம்மாக்கண்ணு உள்ளே போய்ப் பிள்ளையைத் தூக்கி வந்தாள். "வருசம் நெறஞ்ச நாளு. சீர் வெக்காம யாரும் இங்கயிருந்து போவக் கூடாது" என்று சொல்லி, சடையனைப் பலகையில் உட்காரவைத்து அவன் மடியில் பிள்ளையைக் கிடத்தினாள். தட்டில் தேங்காயையும் பழத்தையும் தேனையும் எடுத்து வைத்தாள். ஒரு துளித் தேனைத் தொட்டு நாக்கில் வைத்தாள். வடிவு சப்புக்கொட்டியது. பெற்றவன் தாய்மாமனாக உட்கார்ந்து மகளைத் தாங்கிக்கொண்டிருந்தான். அவள் எச்சில் அவன் வேட்டியை நனைத்தது.  பாயசம் வைத்திருந்தாள் அக்கா. யாரும் தொடவில்லை.

வெயில் தாழ்வதற்குள் கிளம்பிவிட்டார்கள். பிள்ளையைக் கெங்கம்மாள் தோளில் போட்டுக்கொண்டாள். வருசம் பூரா அந்தக் கனத்துக்கு ஏங்கினவள். ஆனால் வாசல் தாண்டியதும் வடிவு விறைத்தது. முதுகை வில்லாக வளைத்துப் பின்னால் சாய்ந்து அலறியது. மாற்றிப் பிடித்தாள். மடியில் போட்டுத் தட்டினாள். தனக்குத் தெரிந்த எல்லாச் சத்தத்தையும் எழுப்பிப் பார்த்தாள். பஸ் ஸ்டாண்டில் சனங்கள் கூடிவிட்டார்கள். "மாந்தமா?" என்று ஒருத்தி கேட்டாள். "யாரு புள்ளம்மா அது?" என்று இன்னொருத்தி.

"எம்புள்ளதான்" என்றாள் கெங்கம்மாள். ஊரறிய அதைச் சொல்ல அவளுக்கு ஒரு வருசம் ஆகியிருந்தது. சொன்னபோது அழுகை அடங்காத பிள்ளையோடு, வேர்த்து, முடி கலைந்து, நம்புவார்களோ மாட்டார்களோ என்று நின்றாள்.

அம்மாக்கண்ணு துணிப்பையோடு ஓடி வந்தாள். காலில் செருப்பில்லை. "படுக்க வெச்சி ஊட்டாத கெங்கா, பொறை ஏறிடும். சாதத்த நல்லா மசிச்சிக்கோ. மடியில சாய்ச்சி, ஒரு வெரலால தாடையத் தாங்கணும். காலு இறுகினா வெந்நியில துணி நனைச்சி..." சொல்லிக்கொண்டே கையை நீட்டினாள். யோசித்து நீட்டியது இல்லை. கெங்கம்மாளும் யோசிக்காமல் கொடுத்துவிட்டாள்.

வடிவு அம்மாக்கண்ணுவின் தோளுக்கும் கழுத்துக்கும் நடுவில் கன்னத்தைப் பதித்தது. விம்மல் இரண்டு வந்தது. அப்புறம் அடங்கிவிட்டது. விறைத்திருந்த காலும் தளர்ந்து தொங்கியது.

கெங்கம்மாள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.  இவள் மடி நாசமாய்ப் போக வேண்டும் என்று பலாமரத்தடியில் எத்தனை நாள் சபித்திருக்கிறாள்!

"உனக்கு நான் எவ்ளோ சாபம் வுட்டிருக்கேன் தெரியுமா அண்ணி?"

"தெரியும்."

"அதுல ஏதாவது இதும் மேல பலிச்சிடுச்சோன்னு இருக்குது."

"பைத்தியக்காரி. சாபத்துல காலு வெறைக்குமா?" என்றாள் அம்மாக்கண்ணு. பிறகு பஸ்ஸின் படியைப் பார்த்தாள். கெங்கம்மாளைப் பார்த்தாள். பிள்ளையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. கை அசையவில்லை.

கண்டக்டர் பஸ்ஸின் பக்கவாட்டைத் தட்டினார்.

"ஏறு அண்ணி" என்றாள் கெங்கம்மாள்.

"அவரு..."

"வேணும்னா வந்து கேக்கட்டும். ஏறு."

சடையன் "அக்கா, மாமாகிட்ட ஒரு வார்த்த சொல்லாம..." என்று இழுத்தான். இரண்டு பெண்களும் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. அப்படித்தான் அம்மாக்கண்ணு கட்டின புடவையோடு, செருப்பில்லாமல், பிறந்த மலைக்குத் திரும்பினாள். நடைவண்டி செங்கத்து வீட்டுக் கதவுக்குப் பின்னாலேயே நின்றுவிட்டது.

நாவல்மடுவில் ஊர் இரண்டு நாள் வந்து பார்த்துவிட்டுப் போனது. சாமி குத்தம் என்றார்கள், மலையிறங்கின பாவம் என்றார்கள். பெரிய பெண் தங்கச்சியின் மூடிய கைக்குள் பூவைச் செருகி விளையாடினாள். இரண்டாவது பெண் கிட்டே வரவே பயந்தாள். சடையன் பிள்ளைக்கு வெந்நீர் வைக்க விறகு பிளந்து குவித்தான். கெங்கம்மாள் அவனோடு தேவைக்கு மட்டும் பேசினாள்.

ஒரே வீட்டில் இரண்டு தாய் என்பது லேசாக இல்லை. கெங்கம்மாள் ஊட்டினால் பிள்ளை இருமியது. அம்மாக்கண்ணு பறித்துக்கொள்வாள். கெங்கம்மாள் குளிப்பாட்டினால், தண்ணி சூடு என்பாள். இவள் தூக்கினால், கழுத்து, கழுத்து என்று ஓடி வருவாள். ஒருநாள் கெங்கம்மாள் கிண்ணத்தை வீசிவிட்டுக் காட்டுப் பக்கம் போய், வெட்டின சாமைத் தாளின் மேல் உட்கார்ந்து அழுதாள். மகள் கிடைத்துவிட்டாள். ஆனால் தன்னுடையவளாகக் கிடைக்கவில்லை. அந்த அழுகை பிள்ளையின் காலுக்காகவா, தனக்காகவா என்று அவளுக்கே தெரியவில்லை.

பொங்கல் கழிந்து தசரதன் வந்தான். காக்கி உடுப்பில், வேர்த்து, பஸ் நிற்கும் இடத்திலிருந்து ஏறி வந்தான். வாசலில் வெயிலுக்காகப் பாய் போட்டு வடிவைக் கிடத்தியிருந்தார்கள். அவன் பிள்ளையைத் தாண்டி வந்து, அம்மாக்கண்ணு கொடுத்த தண்ணியைக் குடித்தான். இளைத்திருந்தான்.

"வூட்டுக்கு வா" என்றான்.

"யாரு, நான் மட்டுமா?"

அவன் சொம்பைத் தரையில் வைத்தான்.

கெங்கம்மாள் உரலில் குத்துவதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். 'போய்டு அண்ணி. அவரோட போய்டு. இருமினாலும் பரவால்ல, நானே கத்துக்கிறேன். எம்புள்ள எங்கிட்டயே இருக்கட்டும்' என்று அவள் மனசு சொன்னது. சொன்னதும் அவளுக்கே வெட்கமாகிவிட்டது. உலக்கையைப் பிடித்தபடி நின்றாள்.

தசரதன் எழுந்தான். போகிற வழியில் பாயருகே குனிந்தான். பிள்ளையின் கன்னத்தைத் தொடப் போனானோ என்னவோ, அவன் விரல் அதன் மூடிய கைக்குள் மாட்டிக்கொண்டது. வடிவு இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவனைப் பார்த்துச் சிரித்தது. அவன் அப்படியே குந்தி உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பிள்ளையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தன் விரலை எடுத்துக்கொண்டான்.

"பஸ்ஸு போய்டும்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.

அம்மாக்கண்ணு அவன் குடித்த சொம்பைக் கழுவிக் கவிழ்த்தாள். ஒரு சொம்பைக் கழுவ அத்தனை நேரம் ஆகாது. தூரத்தில் பஸ் உறுமி வளைவு திரும்புகிற சத்தம் கேட்டது.

"போய்டுச்சா கெங்கா?"

"போய்டுச்சு அண்ணி."

"திரும்பி வருவாரா?"

வருவார் என்று சொல்லியிருக்கலாம். கெங்கம்மாளுக்குப் பொய் சொல்லப் பிடிக்கவில்லை. "தெரியல அண்ணி" என்றாள். பிறகு உலக்கையைச் சுவரில் சாய்த்துவிட்டு, அம்மாக்கண்ணுவின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.